முள் ஏறாத வேக்குவம் லாரி: பழுது பார்க்க ஒரு முழு வழிகாட்டி

"அண்ணாச்சி, முள்ளு ஏற மாட்டேங்கு." செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய பேச்சு. மேலப்பாளையத்துச் சந்துக்குள் நாற்பது மீட்டர் ஓஸ் இழுத்துப் போட்டிருப்பார்கள், வீட்டுக்காரர் குழி மூடியைத் திறந்து வைத்திருப்பார், அந்த நேரம் பார்த்து, உறிஞ்சும் பலத்தை (வேக்குவம்) பாதரச அங்குலக் கணக்கில் காட்டும் கேஜ் முள் எட்டு அங்குலத்தில் நின்றுவிடும். உடனே "பம்ப் போச்சு" என்று முடிவு கட்டி, பம்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரு நாள் வேலையும் கூலியும் போன பிறகுதான் தெரியும், பழுது பின்கதவு ரப்பரில் இருந்தது என்று.

அதே நேரத்தில் குழிப் பக்கம் நிற்கிற யாராவது, "ஒரு ஆளை இறக்கிக் கலக்கி விட்டா வந்துரும்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, 100 பி.பி.எம். அளவை எட்டும்போதே மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அளவு பல நூறைத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் ஆள் மயங்கி விழுவது நொடிக் கணக்கில் நடக்கும். தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. லாரியை ஒழுங்காக வைத்திருந்தால் ஆளை இறக்கும் பேச்சே வராது. பழுது பார்க்கும் வேலையை இவ்வளவு விரிவாக எழுத முதல் காரணம் அதுதான்.

காற்று போகும் வழி

பழுது தேடுவதற்கு முன் காற்று எந்த வழியாகப் போகிறது என்று மனதில் பதிய வேண்டும். டேங்கின் உச்சியில் ஒரு கூண்டு, அதற்குள் மிதக்கும் பந்து. கழிவு நிரம்பி மேலே வந்தால் பந்து எழும்பி வழியை அடைக்கும். அங்கிருந்து பைப் இறங்கி, பம்புக்கு முன்னால் இருக்கும் சின்ன உருளைக்கு வரும். ஈரத்தைப் பிடிக்கும் ட்ராப் அது. பிறகு ஃபோர் வே வால்வு, பம்ப், மறுபடி ஃபோர் வே வால்வு, கடைசியில் ஆயில் பிரிக்கும் சைலன்சர் வழியே வெளிக்காற்று. ஃபோர் வே வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் இதே வழி தலைகீழாகி, டேங்குக்குள் காற்று அழுத்தம் ஏறும்.

இந்த வழியில் பம்ப் வரை எங்கே ஓட்டை விழுந்தாலும் முள் ஏறாது. பம்புக்கு முன்னால் எங்கே அடைத்தாலும் பம்புப் பக்க முள் ஏறும், ஆனால் கழிவு வராது. முதல் கேள்வியாக இதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கேஜ் எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பம்புப் பக்கம் மட்டும் ஒரு கேஜ் இருந்தால் ஏமாந்து போவோம்: மேலே பந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பம்ப் அந்தச் சின்னப் பைப்பை மட்டும் உறிஞ்சி 25 அங்குலம் காட்டும், டேங்குக்குள் ஒன்றுமே இருக்காது. டேங்கில் இன்னொரு கேஜ் போடுவது சில நூறு ரூபாய்ச் செலவு. இரண்டு கேஜும் வேறு வேறு அளவு காட்டினால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். சில கேஜ்களில் மில்லி மீட்டர் கணக்கு இருக்கும்: 380 என்றால் 15 அங்குலம், 508 என்றால் 20.

மூன்று சோதனைகள், இதே வரிசையில்

1. டேங்க் காலியாக இருக்கும்போது பின்னால் உள்ள எல்லா வால்வையும் மூடுங்கள். பம்பை அதன் தகட்டில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டி, முள் 15 அங்குலத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். டேங்க் 5000 லிட்டர், பம்ப் நிமிடத்துக்கு 3000 லிட்டர் காற்று இழுக்கும் என்றால் கணக்குப்படி ஒன்றேகால் நிமிடத்தில் 15-ம், இரண்டு நிமிடத்துக்குள் 20-ம் வரவேண்டும். மூன்று நிமிடம் ஆகியும் பத்தைத் தாண்டவில்லை என்றால் பழுது நிச்சயம். வண்டி நன்றாக இருக்கும் நாளில் இந்த நேரத்தைப் பார்த்து, கேபின் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட ஒரு அளவு இருக்கும்.

2. முள் 20-இல் இருக்கும்போது ஃபோர் வே வால்வை நடுவில் வைத்து பம்பை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒன்றிரண்டு அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. கண் முன்னாலேயே முள் சரிந்தால் டேங்கிலோ, மூடியிலோ, வால்விலோ ஓட்டை.

3. முள் அசையாமல் நின்றும் முதல் சோதனையில் நேரம் அதிகமாகிறது என்றால்தான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும். ட்ராப்புக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஓஸைக் கழற்றி, பம்பின் வாயில் ஆறு மில்லி மீட்டர் கனமான ரப்பர் ஷீட்டும் அதன் மேல் பலகைத் துண்டும் வைத்து, மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பம்புப் பக்கக் கேஜ் சில நொடியில் 25 அங்குலத்தை நெருங்கினால் பம்ப் நல்ல பம்ப். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள், சூடேறிவிடும். உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். தோலைக் கிழித்து இழுக்கும் விசை அது.

ஓட்டையைத் தேடுவது

உள்ளே இழுக்கும் காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே தள்ளும் காற்றைப் பார்க்கலாம். ஃபோர் வே வால்வை அழுத்தத்துக்குத் திருப்பி, டேங்கில் 5 பி.எஸ்.ஐ. வரை மட்டும் ஏற்றி பம்பை நிறுத்துங்கள். அதற்கு முன், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்து ஒட்டிய ரிலீஃப் வால்வோடு அழுத்தம் ஏற்றினால் அந்த டேங்க் ஒரு வெடிகுண்டு. அழுத்தம் இருக்கும்போது மூடிக்கு நேராக நிற்பதோ, போல்ட்டைத் தளர்த்துவதோ கூடாது.

இப்போது அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கலக்கி, செடிக்கு மருந்தடிக்கும் சின்ன ஸ்ப்ரேயரில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்கதவு ரப்பரில் இருந்து தொடங்குங்கள், அதிலும் அடிப்பாகத்தில். கதவைத் திறந்து கொட்டும்போது மணலும் முடியும் துணி நூலும் தங்குவது அங்கேதான். ஒரே ஒரு தலைமுடி ரப்பருக்குக் குறுக்கே கிடந்தாலும், ஷாம்புத் தண்ணீர் பட்டவுடன் கடுகு அளவில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து நெல்லிக்காய் அளவுக்கு ஊதும். ரப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி மூடினாலே பல நேரம் சரியாகிவிடும். ரப்பரில் நகத்தை அழுத்தி எடுத்தால் பள்ளம் மீண்டு வரவேண்டும். வராவிட்டால் அது வெயிலில் செத்துவிட்டது, மாற்றுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாகவே இறுக்கிக்கொண்டு போனால் கதவு கோணி, மறுபக்கம் வாய் பிளக்கும்.

அடுத்து மேல் மூடி, கேஜ் அடி, லெவல் கண்ணாடியின் வாஷர், வால்வு ஸ்பிண்டில், ஃபோர் வே வால்வு. ஊதுபத்தியைக் காட்டி புகை எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. கழிவில் இருந்து மீத்தேன் வாயு வரும், காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பொறி ஒன்று போதும். நெருப்பும் பீடியும் வண்டிப் பக்கமே வேண்டாம்.

ஃபோர் வே வால்வு தேய்ந்தால் இழுக்கும் காற்றில் ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும், வெளியே குமிழே வராது. கைப்பிடி வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுவதும், உள்ளே உஸ்ஸென்ற சத்தமும்தான் அடையாளம். கழற்றித் துடைத்து, கிரைண்டிங் பேஸ்ட் தடவி கையால் முன்னும் பின்னும் தேய்த்து, உரசிய தடம் சுற்றிலும் ஒரே மாதிரி தெரியும்வரை வேலை செய்யுங்கள். பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவிய பிறகே கிரீஸ் வைத்துப் பூட்ட வேண்டும். மிச்சமிருக்கும் துகள் நேரே பம்புக்குத்தான் போகும்.

டேங்க் நன்றாக இருக்கிறது, ஓஸ் போட்டால் வரவில்லை

பழுது அப்போது ஓஸில். பச்சை ஓஸ் நம் வெயிலில் சீக்கிரம் விறைத்துப்போகிறது. வெடிப்பு பெரும்பாலும் கப்ளிங்கில் இருந்து ஒரு அடிக்குள் வரும், அங்கேதான் மடங்கி இழுபடுகிறது. டேப் சுற்றுவது அன்றைய பாட்டுக்கு ஆகும். அந்த ஒரு அடியை வெட்டியெறிந்து கப்ளிங்கை மறுபடி ஏற்றி, இரண்டு கிளாம்பை எதிரெதிர்த் திசையில் போட்டு இறுக்குவதுதான் சரியான வேலை. கப்ளிங் வாஷர் பத்தையாவது கேபினில் வைத்திருங்கள்.

கண்டுபிடிக்கச் சிரமமான பழுது ஒன்று உண்டு. ஓஸின் உள்தோல் பிரிந்து, இழுக்கும்போது உள்ளுக்குள் சுருங்கி அடைக்கும். வெளியே ஓஸ் புதுசு மாதிரியே இருக்கும். முள் 22 காட்டும், ஓஸ் துள்ளாது, ஆடாது. பம்பை நிறுத்தினால் உள்தோல் பழையபடி விரிந்துவிடும். துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

ஆழக் கணக்கையும் மறக்காதீர்கள். ஒரு அங்குல வேக்குவத்துக்குத் தண்ணீர் ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறும். 20 அங்குலத்துக்கு 22 அடி. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உறை இறக்கிய குழி 12 அடி ஆழம், லாரியில் உள்ளே விழும் வாய் 5 அடி உயரம் என்றால் 17 அடி ஆகிவிட்டது. மிச்சமுள்ள ஐந்து அடி பலம்தான் நீளமான ஓஸின் உரசலையும் சேற்றின் கனத்தையும் தாங்க வேண்டும். அந்த இடத்தில் மெதுவாக வந்தால் வண்டியில் பழுது இல்லை. லாரியை எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோய், ஓஸைக் குறையுங்கள்.

கெட்டியான அடிச்சேறு வராவிட்டால் தண்ணீர் விட்டு, ஓஸின் நுனியை மேலே கீழே ஆட்டி, இடையிடையே கொஞ்சம் காற்றும் சேர்ந்து போகும்படி பிடியுங்கள். காற்று கலந்த சேறு லேசாகி ஏறும். மூங்கில் கம்பால் கலக்குவதென்றால் மேலே நின்று, குழி வாயில் முகத்தை நீட்டாமல், காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள்.

மணல் தனிச் சிக்கல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வீடுகளுக்குள் ஆற்று மண்ணும் வண்டலும் ஏறியது நினைவிருக்கும். திசையன்விளைப் பக்கம் செம்மணல். அப்படிப்பட்ட குழியை இழுத்த பிறகு டேங்கின் அடியில் மணல் படிந்து, வால்வு வழியாக வெளியேறாமல் தங்கும். 500 லிட்டர் ஈர மணல் ஏறத்தாழ ஒரு டன். காலி என்று நினைத்து ஓட்டும் வண்டியில் ஒரு டன் இருந்தால் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பின்கதவைத் திறந்து, தாங்குகம்பி போட்டு, வெளியில் நின்றபடியே ஜெட் அடித்துக் கழுவுங்கள். லாரி டேங்குக்குள்ளும் ஆள் இறங்கக் கூடாது, குழிக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும்.

பம்ப்

பம்புக்குள் ஒரு உருளை, அதன் பள்ளங்களில் ஃபைபர் பிளேடுகள். சுற்றும் வேகத்தில் பிளேடுகள் வெளியே தள்ளப்பட்டு உடம்புச் சுவரில் உரசிக்கொண்டு ஓடும். அவற்றைக் காப்பாற்றுவது சொட்டுச் சொட்டாக விழும் ஆயில். அதனால் தினமும் பார்க்க வேண்டியது ஆயில் டப்பா. குறைந்துகொண்டே வந்தால் நல்லது, ஊற்றிக்கொள்ளலாம். நாள் முழுக்க ஓடியும் அளவு குறையவே இல்லை என்றால் பயப்பட வேண்டும். லைன் அடைத்து பம்ப் வறண்டு ஓடுகிறது. சொட்டுக் கணக்கு பம்புக்குப் பம்பு மாறும், தயாரித்தவர் சொன்னபடி வையுங்கள். ஆயிலும் அவர் சொன்ன தரமே. பழைய இன்ஜின் ஆயிலை வடிகட்டி ஊற்றுவது பிளேடைப் பள்ளத்தில் கோந்து போல ஒட்டவைக்கும்.

சூடு இரண்டாவது எதிரி. பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில், 20 அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் பிளேடு ஓரம் கருகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். "ஆக்சிலேட்டரைக் கூட்டுனா சீக்கிரம் முடியும்" என்பது தவறு. தகட்டில் உள்ள வேகத்தைத் தாண்டினால் சூடும் தேய்மானமும்தான் கூடும். சூடான பம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

வேகம் குறைந்தாலும் பழுது போலத் தெரியும். பிளேடுகள் வெளியே வரப் போதிய வேகம் இல்லாமல் டக் டக்கென்று விழும் சத்தம் கேட்கும். டிராக்டரில் இழுக்கும் டேங்குகளில் இது சகஜம்: பி.டி.ஓ. (இன்ஜின் சுற்றைப் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பு) நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வர வேண்டிய இன்ஜின் வேகத்தை வைக்காமல் ஓட்டுவார்கள், அல்லது பெல்ட் வழுக்கும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் 10 முதல் 15 மில்லி மீட்டர் இறங்குவது சரியான இறுக்கம். இரண்டு மூன்று பெல்ட் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து அறுந்துவிடும். லாரியில் பி.டி.ஓ. பக்கம் ஆயில் கசிந்தால் கியர் பாக்ஸ் ஆயில் குறைகிறது என்று பொருள். அளவைப் பார்க்காமல் ஒரு நடைகூடப் போகாதீர்கள்.

கழிவு பம்புக்குள் போய்விட்டால் அன்று மாலையே கவனிக்க வேண்டும். இரவு விட்டால் காலையில் பிளேடு பள்ளத்தோடு ஒட்டியிருக்கும். பி.டி.ஓ.வை உடனே விடுவித்து, ட்ராப்பையும் பம்பின் அடி வடிகாலையும் திறந்து வடித்து, பம்ப் நன்றாக ஆறிய பிறகு மெதுவான வேகத்தில் வாய் வழியாகக் கால் லிட்டர் டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி ஓட்டி, சைலன்சர் வடிகாலில் வரும் டீசல் தெளிந்த பிறகு 100 மில்லி பம்ப் ஆயில் விட்டு முடியுங்கள். சூட்டில் டீசல் விட்டால் தீப்பிடிக்கும். இதோடு நிறுத்தாமல் மேலே உள்ள பந்து ஏன் அடைக்கவில்லை என்றும் பாருங்கள்; பந்தில் தண்ணீர் புகுந்து கனத்திருக்கும், அல்லது கூண்டில் துணி சிக்கியிருக்கும்.

பிளேடு மாற்றுவது

பல பம்புகளில் பிளேடைப் பார்க்க ஒரு திருகு மூடி உண்டு. புதியதைவிட ஆறு மில்லி மீட்டர் தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம்.

1. பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். பம்ப் ஆறியிருக்க வேண்டும். பெல்ட் அல்லது ஷாஃப்ட் இல்லாத பக்கத்து மூடியில் சென்டர் பஞ்சால் அடையாளம் வையுங்கள்.
2. ஆயில் லைனை எடுத்து வாயை அடைத்து, போல்ட்டுகளைக் குறுக்காகத் தளர்த்துங்கள். மூடியில் மரை போட்ட இரண்டு காலித் துளை இருந்தால் அவற்றில் போல்ட்டை ஏற்றினால் மூடி சமமாக வெளியே வரும். உளியை இடுக்கில் அடிக்காதீர்கள்.
3. பிளேடு எந்த முகம் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துவிட்டு உருவுங்கள். ஒட்டியிருந்தால் டீசல் விட்டு ஊறவிடுங்கள்.
4. பழைய பிளேடு காரணத்தைச் சொல்லும். ஓரம் கருகியிருந்தால் சூடு. நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் மணல். ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் இதுவும் அப்படியே போகும்.
5. உடம்பின் உள்சுவரில் விரலை ஓட்டுங்கள். ஓட்டுக்கூரை போல அலை அலையாகத் தட்டுப்பட்டால் பட்டறையில் கடைந்து சமப்படுத்தாமல் பிளேடு மட்டும் மாற்றுவது வீண் செலவு.
6. முழு செட்டையும் ஒன்றாக மாற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். தன் எடைக்கே வழுக்கி இறங்க வேண்டும்.
7. மூடிக்குப் பழைய கேஸ்கெட்டின் அதே கனத்தில் புதியது. கனம் கூடினால் காற்று கசிந்து முள் ஏறாது. குறைந்தால் உருளை மூடியில் உரசும். பேஸ்ட்டை அப்பி ஈடுகட்ட முடியாது.
8. கையால் மூன்று சுற்று சுற்றிப் பார்த்து, பத்து நிமிடம் வாயைத் திறந்துவைத்து மெதுவாக ஓட்டி, பிறகே பாரம் கொடுங்கள். முதல் நாள் ஆயில் சொட்டைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

டேங்கில் ஓட்டை

துரு அடியில் மட்டும் வரும் என்று நினைக்கிறோம். ஹைட்ரஜன் சல்பைடு ஈரமான மேல்தகட்டில் படிந்து கந்தக அமிலமாக மாறி, உச்சியையும் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். மணி போல ஒலித்தால் சரி, மொத்தென்று கேட்டால் தகடு மெலிந்துவிட்டது.

வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழுவி, எல்லா மூடியையும் திறந்து ஒரு நாள் காற்றாட விட்டு, கேஸ் மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பினால் உள்ளே வாயு நிற்க இடம் குறையும். ஒட்டு வெளிப்பக்கம் மட்டுமே. பேட்டரி கேபிளைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் இப்போதைய வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விடும்.

பாதி நிரம்பிய வண்டி வழியில் நின்றுவிட்டால் பாளையங்கால்வாயிலோ ஓடையிலோ திறந்துவிடாதீர்கள். பம்ப் ஓடாவிட்டாலும் பின்வால்வு வழியே கழிவு தன் எடையிலேயே இறங்கும். ஓஸைப் போட்டு இன்னொரு லாரிக்கு மாற்றலாம், அது இழுத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வண்டியின் கப்ளிங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்கும் நான்கு அங்குலத்துக்கும் இணைக்கும் ரெடியூசர் ஒன்றை வண்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அதோடு ரப்பர் ஷீட், கிளாம்ப், ஒரு செட் பெல்ட், இரண்டு லிட்டர் பம்ப் ஆயில், ஷாம்பு பாக்கெட் நாலு.